தோட்டத்துக்கு ஏடிவி வாங்கலாமா? ஷோரூம் போறதுக்கு முன்னாடி உங்க கேட்டைப் பாருங்க



விவசாய நிலம் வாங்குறதைப் பத்தி நம்ம சேனல்ல பேச ஆரம்பிச்சதுல இருந்து ஒரே மாதிரி கேள்வி திரும்பத் திரும்ப வருது. "திண்டுக்கல் பக்கம் 6 ஏக்கர் வாங்கிட்டேன், வாரக் கடைசியில போய் வர்றேன், உள்ள சுத்தி வரவும் உர மூட்டை ஏத்தவும் ஒரு ஏடிவி வாங்கலாமா?" சிலர் இன்னும் ஒரு படி மேல போய், அமெரிக்க யூடியூப் சேனல்கள்ல வர்ற "சைடு பை சைடு" வண்டியைக் கேட்கிறாங்க. ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து, ஸ்டீயரிங் பிடிச்சு, பின்னாடி சின்னத் தொட்டியில சாமான் போட்டு, வரப்பு வாய்க்கால் எல்லாம் தாண்டிப் போகுமே, அந்த வண்டி.

பார்க்க ஆசையாத்தான் இருக்கும். தப்பே இல்லை. ஆனா இது 8 லட்சத்துல இருந்து தொடங்குற ஆசை. அதனால வண்டியை விட்டுட்டு முதல்ல உங்க நிலத்தைப் பார்ப்போம். குறிப்பா, நிலத்தோட கேட்டை.

கேட்டுக்கு வெளியே என்ன இருக்கு?

வீடு, ஷெட், கிணறு, தோட்டம் எல்லாமே ஒரே வேலிக்குள்ள இருக்கா? இல்ல, வீடு ஊருக்குள்ள, தோட்டம் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, நடுவுல பஞ்சாயத்து ரோடா? நம்ம ஊர்ல பெரும்பாலும் ரெண்டாவதுதான். அது மட்டுமில்ல, 6 ஏக்கர்னு சொல்றதே பல நேரம் ரோட்டுக்கு இந்தப் பக்கம் 4, அந்தப் பக்கம் 2-ன்னு பிரிஞ்சு கிடக்கும்.

இது ஏன் முக்கியம்? மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(28)-ல மோட்டார் வாகனம்னா என்னன்னு வரையறை இருக்கு. தொழிற்சாலைக்குள்ளயோ, வேற அடைக்கப்பட்ட வளாகத்துக்குள்ளயோ மட்டும் ஓட்டுறதுக்குன்னு அமைஞ்ச சிறப்பு வண்டிகளை அந்த வரையறையில இருந்து விலக்கி வச்சிருக்காங்க. நம்ம நாட்டுல விக்கிற பெரும்பாலான ஏடிவி, சைடு பை சைடு எல்லாம் நிக்கிற இடம் அந்தச் சின்ன இடுக்குதான். வேலிக்குள்ள ஓட்டலாம். டீக்கடைக்குப் போக ரோட்டுல 200 மீட்டர் ஓட்டினாக்கூட அது பதிவு இல்லாத வண்டி. பதிவு இல்லைன்னா இன்சூரன்ஸ் கட்டாயம்ங்கிற பிரிவு 146-ஐயும் மீறின மாதிரிதான்.

அபராதம் சில ஆயிரம். அதைக்கூட விடுங்க. அந்த 200 மீட்டர்ல ஒரு பைக்காரர் மேல இடிச்சு, அவருக்குக் கால் போயிட்டா? விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் போடுற தொகையைக் கட்ட இன்சூரன்ஸ் கம்பெனியே கிடையாது. நீங்கதான் கட்டணும். சம்பாதிக்கிற வயசுல இருக்கிறவர்னா அந்தத் தொகை பல லட்சம் போகும். தோட்டத்தையே வித்துக் கட்டுற நிலைமை வரலாம். நீங்க ஓட்டாம, தோட்டத்துல வேலை பார்க்கிறவர் ஓட்டியிருந்தாலும் வண்டி உங்களது.

அதனால டீலர்கிட்ட மைலேஜ், குதிரைத்திறன் எல்லாம் கேட்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி: "ஃபார்ம் 21, ஃபார்ம் 22 ரெண்டும் தருவீங்களா?" முதலாவது விற்பனைச் சான்று. ரெண்டாவது, வண்டி ரோட்டுக்குத் தகுதியானதுன்னு தயாரிச்ச கம்பெனி கொடுக்கிற சான்று. இது ரெண்டும் இருந்தாத்தான் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பதிவு நடக்கும். "தோட்டத்துக்குள்ள ஓட்டுறதுக்கு அதெல்லாம் எதுக்கு சார்?"னு பதில் வந்தா, உங்களுக்கு வேண்டிய தகவல் கிடைச்சாச்சு.

இதுல ஒரு விதிவிலக்கு சொல்லணும். போலாரிஸ் கம்பெனி 2019-ல "ஸ்போர்ட்ஸ்மேன் 570 டிராக்டர்"னு ஒரு ஏடிவியை இங்க கொண்டு வந்தாங்க. விவசாய டிராக்டர் வகையில பதிவு பண்ற மாதிரி அனுமதி வாங்கின வண்டி. அப்போ ஷோரூம் விலை 7.99 லட்சம். இந்த மாதிரி வண்டியைக் காட்டினாங்கன்னா, ஏற்கெனவே வாங்கின ஒருத்தரோட ஆர்.சி. நகலைக் கேட்டுப் பாருங்க. பெயர், நம்பரை மறைச்சுக் காட்டினாலும் போதும். வண்டி வகைன்னு போட்டிருக்கிற இடத்துல என்ன எழுதியிருக்குங்கிறதுதான் நமக்கு வேணும்.

ஒரே மெஷின் ஒரு நாட்டுல ரோட்டு வண்டி, இன்னொரு நாட்டுல தோட்ட வண்டின்னு ஆகுறது வேடிக்கையான விஷயம். மஹிந்திரா கம்பெனி 2018-ல அமெரிக்காவுல "ராக்ஸர்"னு ஒரு வண்டி விட்டாங்க. நம்ம பழைய ஜீப்பேதான், 2.5 லிட்டர் டீசல் இன்ஜின். இங்க நம்பர் பிளேட் மாட்டிக்கிட்டு சந்தைக்குப் போன ஜீப், அங்க சைடு பை சைடுங்கிற பட்டியல்ல, ரோட்டுல ஓட்டக் கூடாத வண்டியா வித்தது. இரும்பு ஒண்ணுதான், பேப்பர் வேற.

லோனும் இந்தப் பேப்பரைத்தான் பிடிச்சுத் தொங்குது. ஆர்.சி.யில அடமானம் எழுத முடியலைன்னா வண்டி லோன் கிடைக்கிறது கஷ்டம். அப்புறம் பர்சனல் லோன்தான். 8 லட்சம், 12 சதவீதம், 5 வருஷம்னு வச்சா மாசம் சுமார் 17,800 ரூபாய் ஈஎம்ஐ. மொத்த வட்டி மட்டும் 2.68 லட்சம்.

எத்தனை கிலோ, எத்தனை நாள்?

இப்போ கணக்குக்கு வருவோம். இது நான் எடுத்துக்கிட்ட எண்கள்தான், உங்க எண்ணைப் போட்டு மாத்திக்கங்க.

வண்டி 8 லட்சம். 7 வருஷம் கழிச்சு 3 லட்சத்துக்கு விக்குதுன்னு வைப்போம். தேய்மானம் வருஷத்துக்கு 71,400. அதே 8 லட்சம் 7 சதவீத எஃப்.டி.யில கிடந்தா வருஷம் 56,000 வந்திருக்கும், அதையும் செலவாத்தான் எழுதணும். சர்வீஸ், டயர், பெல்ட், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 25,000. கூட்டினா வருஷம் ஒண்ணரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. பெட்ரோல் இன்னும் சேர்க்கவே இல்லை.

நீங்க வருஷத்துல எத்தனை நாள் தோட்டத்துல இருப்பீங்க? மாசம் மூணு நாலு நாள், ஆக 40 நாள். ஒரு நாளைக்கு 3,800 ரூபாய் ஆகுது. அந்த நாள்ல நீங்க தூக்கினது என்ன? நாலு உர மூட்டை, ஒரு மருந்தடிக்கிற பம்ப், திரும்பி வரும்போது ரெண்டு மூட்டை தேங்காய்.

இந்த வேலையை நம்ம ஊர்ல இத்தனை வருஷமா யார் பார்க்கிறா? டிவிஎஸ் எக்ஸெல்தான். 1980-ல ஓசூர்ல இருந்து டிவிஎஸ் 50 வந்ததுல இருந்து தமிழ்நாட்டு வரப்புக்கு அதுதான் ஏடிவி. இப்போ வர்ற எக்ஸெல் 100 வண்டியோட எடை 90 கிலோவுக்கும் குறைவு. கம்பெனி சொல்ற சுமை 130 கிலோ. ஊர்ல எவ்வளவு ஏத்துறாங்கன்னு நான் சொல்லத் தேவையில்லை. சேத்துல மாட்டினா இறங்கித் தூக்கி வச்சிடலாம். 350 கிலோ ஏடிவி மாட்டினா டிராக்டரைக் கூப்பிடணும்.

எக்ஸெல்லுக்குப் பெட்ரோல் உட்பட வருஷம் 12,000 வைங்க. அது தூக்காத சுமைக்கு, தொழு உரம், சொட்டுநீர் குழாய்க் கட்டு, கம்பி, தேங்காய் லோடு, இதுக்கெல்லாம் வருஷத்துல 10 தடவை ஒரு லோடு வண்டி, தடவைக்கு 1,500 ரூபாய்னு வாடகைக்கு எடுங்க. ஆக மொத்தம் 27,000. வித்தியாசம் வருஷத்துக்கு 1.25 லட்சம். 7 வருஷத்துல அந்த வித்தியாசம் மட்டும் வண்டி விலையைத் தாண்டிடுது.

"வருமான வரியில கழிச்சுக்கலாமே"ன்னு ஒரு யோசனை வரும். விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது. அதனாலேயே விவசாயச் செலவை உங்க சம்பளத்துல இருந்து கழிக்கவும் முடியாது. வண்டி தேய்மானம், லோன் வட்டி ரெண்டுக்கும் இதே கதைதான்.

மல்டிக்ஸ் ஞாபகம் இருக்கா?

இந்த இடத்துல ஒரு வண்டியோட கதையைச் சொல்லியே ஆகணும். "இந்தியாவுக்குன்னே ஒரு சைடு பை சைடு ஏன் யாரும் பண்ணலை?"னு கேட்கிறவங்க நிறைய. பண்ணினாங்க. ஐஷரும் போலாரிஸும் கூட்டு சேர்ந்து ஜெய்ப்பூர் பக்கம் தொழிற்சாலை போட்டு, 2015 ஜூன்ல "மல்டிக்ஸ்"னு ஒரு வண்டி விட்டாங்க. விலை 2.32 லட்சத்துல ஆரம்பம். 511 சிசி டீசல் இன்ஜின். குடும்பத்தோட 5 பேர் போகலாம், பின் சீட்டை மடக்கினா லோடு ஏத்தலாம். வண்டியில இருந்தே 3 கிலோவாட் வரைக்கும் கரண்ட் எடுத்து மோட்டார், டிரில்லிங் மெஷின் ஓட்டலாம். கரண்ட் கட்டாகுற கிராமத்துக்கு இதைவிட நல்ல யோசனை என்ன இருக்கு?

2018 மார்ச்சுல கம்பெனியே கடையை மூடிட்டாங்க. மூணு வருஷம்கூட முழுசா ஓடலை. போதுமான விற்பனை இல்லை.

என் கணிப்பு இதுதான்: அந்த விலையில ஒரு விவசாயிக்குப் பழைய ஆம்னியும் கிடைக்குது, பழைய டாடா ஏஸும் கிடைக்குது. ரெண்டுக்கும் தாலுகா தலைநகரத்துல மெக்கானிக் இருக்கார், ஸ்பேர் பார்ட்ஸ் இருக்கு, விக்கணும்னா ஒரு வாரத்துல ஆள் வரும். கிராமத்துல வண்டி வாங்குறவங்க எப்பவுமே விக்கிற விலையையும் சேர்த்துத்தான் வாங்குவாங்க. நீங்க வாங்கப் போற ஏடிவிக்கும் இந்த அளவுகோலைப் போட்டுப் பாருங்க. ஒன்றரை, ரெண்டு லட்சத்துக்கு ஆன்லைன்ல வர்ற பெயர் தெரியாத ஏடிவிகளுக்கு இது இன்னும் அதிகமாப் பொருந்தும். வேரியேட்டர் பெல்ட் அறுந்தா எங்க வாங்குவீங்க? மூணு வாரம் ஷெட்டுல நின்னா எலி ஒயரைக் கடிச்சு வைக்கும், அது வேற செலவு.

அப்போ மினி டிராக்டர்?

இங்கதான் விஷயம் கொஞ்சம் சுவாரசியமாகுது. மஹிந்திரா ஜிவோ, குபோட்டா நியோஸ்டார், விஎஸ்டி மாதிரி 20 முதல் 28 குதிரைத்திறன்ல வர்ற சின்ன டிராக்டர்கள் பெரும்பாலும் மூணரை, நாலு அடி அகலம்தான். 25 அடி இடைவெளி விட்ட தென்னந்தோப்புல தாராளமாத் திரும்பும், ஃபோர் வீல் டிரைவும் கிடைக்குது. பதிவு, இன்சூரன்ஸ், லோன், மறுவிற்பனை எதுலயும் பிரச்சினை இல்லை. கார் ஓட்டுற எல்.எம்.வி. லைசென்ஸ் போதும். 2025 செப்டம்பர் 22-ல இருந்து டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12-ல இருந்து 5 சதவீதமாக் குறைஞ்சிருக்கு.

ஆனா 6 ஏக்கருக்கு சொந்த டிராக்டர் கட்டுப்படியாகுமா? டிராக்டரும் ரொட்டவேட்டரும் சேர்த்து 7.5 லட்சம்னு வைங்க. 10 வருஷத்துல 3.5 லட்சத்துக்குப் போகுதுன்னா தேய்மானம் 40,000, முடங்கின பணத்துக்கு வட்டி 52,500, பராமரிப்பும் இன்சூரன்ஸும் 25,000. வருஷம் 1.17 லட்சம். வாடகை டிராக்டர் மணிக்கு 1,200, சொந்த வண்டின்னா டீசல் மணிக்கு 250ன்னா, உங்களுக்கு மிச்சமாகுறது மணிக்கு 950. அப்படின்னா வருஷத்துக்கு 120 மணி நேரத்துக்கு மேல வேலை இருந்தாத்தான் போட்ட காசு எடுக்கும். 6 ஏக்கரை வருஷத்துல நாலு தடவை உழுதாலும், ஏக்கருக்கு ஒரு மணி நேரம்னா மொத்தம் 24 மணி நேரம்தான்!

கணக்கு இப்படிச் சொன்னாலும் அனுபவசாலிகள் ஒண்ணு சொல்வாங்க, அது நியாயம். மழை பெஞ்ச மறுநாள் ஊர்ல எல்லாருக்கும் ஒரே நேரத்துல டிராக்டர் வேணும். ஈரம் காயுறதுக்குள்ள வண்டி வரலைன்னா அந்தப் பட்டமே போச்சு. மானாவாரிக்காரங்களுக்கு இந்த இழப்பு வாடகையைவிடப் பெரிசு. பக்கத்துத் தோட்டக்காரங்க ரெண்டு மூணு பேருக்கு நீங்களே வாடகைக்கு ஓட்ட முடியும், ஓட்ட நம்பிக்கையான ஆள் இருக்கார்னா 120 மணி நேரம் எட்டாத எண் இல்லை. இல்லைன்னா வேளாண் பொறியியல் துறையோட இ-வாடகை வசதியில பெயரைப் பதிஞ்சு வைங்க. அரசு டிராக்டர் வாடகை பெரும்பாலும் வெளி ரேட்டைவிடக் குறைவு. உழவன் ஆப் வழியாவே விண்ணப்பிக்கலாம். வரிசைக்குள்ள களை எடுக்கிறதுதான் உங்க தலைவலின்னா, அதுக்குப் பவர் வீடரே போதும். மானியம் இருக்கான்னு வாங்குறதுக்கு முன்னாடி வட்டார வேளாண் பொறியியல் அலுவலகத்துல கேளுங்க. பில் போட்ட பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

டிராக்டர் வாங்கினா ஒரு விஷயத்துல கறாரா இருங்க. மட்கார்டுல ஆளை உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போற பழக்கம் வேண்டாம். டிராக்டர்ல ஓட்டுறவருக்கு மட்டும்தான் சீட்டு. மட்கார்டுல இருந்தவர் விழுந்து செத்துப்போன வழக்குகள்ல இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கிறது கோர்ட்டுல அடிக்கடி நடக்கிற கதை.

ஜீப் ஆசை

பழைய ஜீப், ஜிப்ஸி தேடுறவங்களுக்கு: வாங்குங்க, ஆனா ஆர்.சி.யில இருக்கிற மாதிரியே வண்டி நேர்ல இருக்கான்னு பாருங்க. மேல்கூரையை வெட்டி, இன்ஜினை மாத்தி, பெரிய டயர் மாட்டினதெல்லாம் போட்டோவுக்கு நல்லா இருக்கும். கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு சட்டத்துல பிரிவு 52 சொல்லுது, 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்திடுச்சு. இன்னொண்ணு, 20 வருஷம் தாண்டின கார், ஜீப்புக்குப் பதிவைப் புதுப்பிக்கிற கட்டணத்தை 2025 ஆகஸ்ட்ல 10,000 ரூபாயா ஏத்திட்டாங்க. பேரம் பேசும்போது அதையும் கழிச்சுக்கிட்டுப் பேசுங்க. புதுசுன்னா ஜிம்னி இருக்கு. 2023 ஜூன்ல 12.74 லட்சத்துல ஆரம்பிச்சாங்க. அருமையான ஃபோர் வீல் டிரைவ், ஆனா அது குடும்ப வண்டி. தோட்டச் செலவுல எழுதாதீங்க.

சமவெளியில மண்பாதை ஓரளவு இருக்கு, வாரா வாரம் காய்கறி சந்தைக்குப் போகுதுன்னா, டாடா ஏஸ் ப்ரோ மாதிரி சின்ன லோடு வண்டி. 2025-ல 3.99 லட்சத்துல வந்தது, 750 கிலோ ஏத்தும். மஞ்சள் போர்டு, எஃப்.சி. செலவு உண்டு. வேற எதையும் யோசிக்காம இதைப் பார்க்கலாம்.

யாருக்குத்தான் சைடு பை சைடு?

இருக்காங்க. ஏற்காடு, கொல்லிமலை, தாண்டிக்குடி பக்கம் காபி, மிளகுத் தோட்டம், 30 ஏக்கர், எல்லாம் ஒரே வேலிக்குள்ள, சரிவான பாதை, தினமும் ஆளும் உரமும் மேல போகணும். சிறுமலையில இன்னும் குதிரை மேல மலைவாழை இறக்குறாங்க, ஏன்னா லோடு வண்டி அங்க ஏறாது. இப்படிப்பட்ட இடத்துல வருஷம் 40 நாள் இல்லை, 300 நாள் ஓடும். அப்போ நம்ம ஒண்ணரை லட்சத்தை 300-ஆல வகுத்தா நாளைக்கு 500 ரூபாய். ஒரு ஆள் கூலிகூட இல்லை. கரிசல்ல உள்ளவங்களுக்கும் ஒரு நியாயம் இருக்கு: இந்த வண்டிகளோட டயர்ல காத்தழுத்தம் ரொம்பக் கம்மி, அதனால மண் இறுகாது, ஈரத்துலயும் ஓரளவு மிதந்து போகும்.

அப்படி வாங்குறதா இருந்தா பைக் மாதிரி கால் ரெண்டு பக்கமும் போட்டு உட்காருற ஏடிவியா, சைடு பை சைடான்னு வரும்போது, காசு கூடினாலும் நான் சைடு பை சைடுதான் சொல்வேன். காரணம் சொகுசு இல்லை. சரிவுல ஏடிவி கவிழ்ந்தா ஓட்டுறவர் மேலயே விழும். சைடு பை சைடுல இரும்புக் கூண்டு இருக்கு, சீட் பெல்ட் இருக்கு. மூணு சக்கர ஏடிவி விற்பனையை அமெரிக்காவுல 1988-லயே நிறுத்த வச்சாங்க. ஆஸ்திரேலியாவுல 2021 அக்டோபர்ல இருந்து பண்ணை வேலைக்கான நாலு சக்கர ஏடிவிக்கும் கவிழும்போது காப்பாத்துற கம்பி கட்டாயம்னு ஆக்கினாங்க. அதை ஏத்துக்காம ஹோண்டா, யமஹா அந்தச் சந்தையை விட்டே வெளியேறினாங்க. அவங்க ஊர் விவசாயிகள் நிறைய பேர் சைடு பை சைடுக்கு மாறிட்டாங்க.

கடைசியா ஒண்ணு. டீலர்கிட்ட போறதுக்கு முன்னாடி, நீங்க இல்லாத நாள்ல சாவி யார்கிட்ட இருக்கும்னு முடிவு பண்ணிடுங்க. தோட்டத்தைப் பார்த்துக்கிறவருக்கு லைசென்ஸ் இருக்கா? அவர் பையன் 15 வயசுல "ஒரு ரவுண்டு" கேட்பானா? அதுக்குப் பதில் தெரியாம வண்டியை ஷெட்டுல விடாதீங்க.

உங்க தோட்டத்துல என்ன வண்டி ஓடுது, வருஷத்துக்கு எவ்வளவு செலவாகுதுன்னு கமெண்ட்ல எழுதுங்க. ஏக்கர், பயிர், ரோட்டுல இருந்து எவ்வளவு தூரம், இந்த மூணையும் சேர்த்து எழுதினா அடுத்த வீடியோவுல உங்க கணக்கையே எடுத்துப் போட்டுப் பார்க்கிறேன்.